மேடையில் தமிழ் மட்டும்

கிளேட்டன் தமிழ் அன்பர் வட்டத்தின் மேடையில் தமிழைத் தவிர வேறு மொழியில் பேசக்கூடாது என்று ஒரு தீர்மானம் இருந்தது. அந்தத் தீர்மானத்தை ஆங்கிலத்தில் விவாதித்து, ஆங்கிலத்தில் திருத்தி, ஆங்கிலத்திலேயே நிறைவேற்றியிருந்தார்கள். தமிழ் தெரியாத விருந்தினர் வந்தால் பக்கத்தில் ஒருவர் நின்று மொழிபெயர்க்க வேண்டும் என்பது அதன் உபபிரிவு. கேட்டுக்கொண்டிருப்பவர்கள் எல்லோரும் டாக்டர்களும் என்ஜினியர்களும் அவர்களுடைய மனைவிமாருமாக இருந்தபடியால் விருந்தினர் வாய் மூடுவதற்கு முன்பே எல்லாம் விளங்கிவிடும். ஆனாலும் மொழிபெயர்ப்பு முடியும்வரை ஒருவரும் முகத்தில் எதையும் காட்டமாட்டார்கள். அது வட்டத்தின் மரியாதை.

1975ஆம் ஆண்டுச் சித்திரை வருடப்பிறப்பு விழாவுக்கு மொழிபெயர்ப்பாளன் தில்லைநாதன். கரவெட்டியிலிருந்து கொழும்புத் திட்டப் புலமைப்பரிசில் பெற்று வந்து பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தான். பல்கலைக்கழகத்து வெள்ளைக்காரப் பொடியன்களுக்குத் தில்லைநாதன் என்ற பெயர் பாதி வழியிலேயே பல்லில் சிக்கிக்கொண்டபடியால் அவனுக்கு டெட் நேதன் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவன் மறுக்கவில்லை. மறுப்பது அவனுடைய பழக்கமில்லை.

வட்டத்தின் தலைவர் டாக்டர் இரத்தினசிங்கத்தின் வீட்டுப் பின்னறையில் அவன் குடியிருந்தான். வாடகை கிடையாது. அதற்குப் பதிலாகக் கதிரை அடுக்குவது, மண்டபத் திறப்புக் கொத்தை வாங்கி வருவது, நன்றியுரை சொல்வது என்று வட்டத்தின் எடுபிடி வேலைகள் அவனுடையவை. டாக்டரின் மனைவி இராஜேஸ்வரி அன்ரியின் சோறும் கறியும் தனிக் கணக்கு. அதை வாயால் புகழ்ந்து தீர்க்க வேண்டும்.

விருந்தினரைக் கண்டுபிடித்ததும் அவன்தான். மரியன் முனுசாமி. மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான டிரினிடாடிலிருந்து சமூகவியல் படிக்க வந்தவள். பாட்டனைச் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேற்றிக் கரும்புத் தோட்டத்தில் இறக்கியிருந்தார்கள். அவளுக்குத் தமிழில் தெரிந்த ஒரே சொல் மாரியம்மா. போன மாதம் அவளுடைய தீவில் எண்ணெய்த் தொழிலாளரும் கரும்புத் தொழிலாளரும் ஒன்றாகச் சேர்ந்து ஊர்வலம் போனார்கள். தெற்கே ஒரு பட்டணத்தில் வைத்துப் பொலிஸார் அவர்களை அடித்துக் கலைத்தார்கள். கரும்பு வெட்டுகிற அவளுடைய அண்ணன் சாமுவேலின் மண்டை பிளந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மறியல் சிறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வழக்கு இனிமேல்தான்.

"வெளியிலிருந்து யாராவது எங்கள் அரசாங்கத்துக்கு ஒரு தந்தி அடிக்க வேண்டும்" என்று அவள் கன்டீனில் சொன்னாள். "யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தால் அடி கொஞ்சம் மெதுவாக விழும்."

தில்லைநாதனுக்கு அவளோடு இன்னும் கொஞ்ச நேரம் தேத்தண்ணீர் குடிக்க ஆசை. "எங்களுடைய ஆட்கள் உங்களுடைய போராட்டத்தைப் பற்றிக் கேட்கத் துடிக்கிறார்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னான். அன்று இரவு டாக்டரிடம், "அங்கிள், கடல் கடந்தும் தமிழை மறக்காத ஒரு பிள்ளை இருக்கிறா" என்று தமிழில் சொன்னான். இரண்டு பொய்யும் வெவ்வேறு மொழியில் இருந்ததால் ஒன்றை ஒன்று சந்திக்காது என்று நம்பினான்.

விழா, தேவாலயத்தை ஒட்டிய ஒரு வாடகை மண்டபத்தில் நடந்தது. மரியன் யாரிடமோ இரவல் வாங்கிய சேலையில் வந்திருந்தாள். முன்வரிசைப் பெண்கள் அவளை மேலும் கீழும் பார்த்து, முகவெட்டு அப்படியே எங்கட ஊர்க் கொக்குவில் முகவெட்டு என்று தங்களுக்குள் முடிவு செய்தார்கள். இராஜேஸ்வரி அன்ரி பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்கட ஆக்கள் முந்தி எங்கயிருந்து வந்தவை, பிள்ளை?" என்று ஆங்கிலத்தில் விசாரித்தார்.

"கப்பலிலிருந்து" என்றாள் மரியன்.

"அது சரி. கப்பலுக்கு முதல்?"

மரியன் சிரித்து, தெரியாது என்று தோளைக் குலுக்கினாள். அன்ரியின் கை அவள் கையை விட்டு மெல்ல நழுவியது. தன் மடிக்குப் போனது. பிறகு தில்லைநாதன் பக்கம் திரும்பி, சாதி என்ற சொல்லைத் தொடாமல், தமிழில் கேட்டார்.

"தம்பி, என்ன ஆக்களாம்?"

"தஞ்சாவூர்ப் பக்கம், அன்ரி. காணி பூமியோட இருந்த குடும்பமாம்."

யோசிக்காமல் வந்த பதில். சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்குக் காது சுட்டது. அன்ரியின் கை திரும்பவும் மரியனின் கைக்கு வந்தது. தன்னை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று மரியன் நினைத்தாள். அதுவும் ஒரு வகையில் உண்மைதான்.

மேடை ஏறுவதற்கு முன் டாக்டர் அவனை ஓரமாகக் கூப்பிட்டார். "தம்பி, பிள்ளை அரசியல் ஒண்டும் கதைக்கமாட்டா எல்லோ? எங்கட நாட்டு ஹைகொமிசன் ஆளும் வந்திருக்கிறார். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த விருந்தாளிகள். அதை மறக்கக் கூடாது."

டாக்டர் சொந்த வீடும் இரண்டு காரும் உள்ள விருந்தாளி. தில்லைநாதன் தலையாட்டினான்.

மரியன் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினாள். "எங்கள் தீவில் நிலத்தைத் தோண்டினால் எண்ணெய் வருகிறது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதில்லை."

தில்லைநாதன் நேர்மையாகத்தான் மொழிபெயர்க்க வாயெடுத்தான். முன்வரிசையில் டாக்டரின் புருவம் உயர்ந்தது. "அவர்களுடைய தீவு இயற்கை வளம் கொழிக்கும் தீவு என்று சொல்கிறார்" என்றான். புருவம் இறங்கியது.

"மாவும் சமையல் எண்ணெயும் விலை ஏறிவிட்டன. என் அம்மா ரொட்டியை வரவர மெல்லியதாகத் தட்டுகிறாள். விளக்குக்கு நேரே பிடித்தால் அதற்குள்ளால் என் தம்பிமாரின் முகம் தெரியும்."

"இன்றைக்கும் அவர்களுடைய வீட்டில் தாயார் தம் கையாலேயே ரொட்டி தட்டிக் கொடுக்கிறாராம்."

பெண்கள் பக்கத்தில் கைதட்டல். தங்களுடைய பிள்ளைகள் கடைப் பாணைத் தவிர வேறொன்றும் தொடுவதில்லை என்று ஒரு குரல் வருத்தப்பட்டது.

"என் தாத்தாவுக்குத் திரும்பிப் போகக் கப்பல் தருவதாகச் சொன்னார்கள். தரவில்லை."

"பாட்டனார் அந்த மண்ணையே தம் சொந்த மண்ணாக்கிக்கொண்டார்."

கைதட்டல் பலமாக இருந்தது. மரியன் அவனை நன்றியோடு பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்காமல் அவன் ஒலிவாங்கியின் கழுத்தைத் திருகிச் சரிசெய்தான். அது முன்பே சரியாகத்தான் இருந்தது.

"என் அண்ணன் ரொட்டிக்காக நடந்து போனான். மண்டையை உடைத்தார்கள். இப்போது சிறையில் இருக்கிறான்."

எல்லோருக்கும் விளங்கியிருந்தது. எல்லோரும் மொழிபெயர்ப்புக்காக அவனுடைய வாயைப் பார்த்தார்கள். நடு வரிசையில் ஒருவர் மட்டும் குனிந்து தன் கால் சப்பாத்தைப் பார்த்தார்.

"அவருடைய அண்ணனும்," என்று தில்லைநாதன் இருமினான், "பொதுத்தொண்டில் மிகுந்த ஈடுபாடு உள்ளவர்."

மண்டபம் மூச்சு விட்டது.

மரியன் கையிலிருந்த தாளை மடித்து வைத்துவிட்டு, எழுதாத ஒன்றைச் சொன்னாள். "உங்கள் நாட்டிலும் எங்களைப் போலக் கப்பலில் கொண்டுவரப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்று படித்தேன். தேயிலை பறிக்கிறவர்கள். போன வருடம் அங்கே பட்டினியில் செத்தார்களாம். அவர்களில் யாராவது இந்த மண்டபத்தில் இருக்கிறார்களா?"

ஹைகொமிசன் ஆள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தில்லைநாதனின் அம்மா கரவெட்டியிலிருந்து எழுதுகிற கடிதங்களில் சீனி இல்லை, பாணுக்கு விடிய முதல் வரிசை என்று எல்லாம் இருக்கும். மலையகத் தேயிலைத் தோட்டங்களில் சாகிறவர்களைப் பற்றி ஒரு வரியும் இருந்ததில்லை. அவனும் கேட்டு எழுதியதில்லை.

"என்னவாம், தம்பி?" என்றார் டாக்டர். கேட்டதைக் கேளாததாக்கும் வேலையை அவனிடம் ஒப்படைக்கிற குரல்.

"தேத்தண்ணி ரெடியோ எண்டு கேக்கிறா" என்றான் தில்லைநாதன்.

மண்டபம் வெடித்துச் சிரித்தது. அவ்வளவு சந்தோஷமான சிரிப்பை அந்த மண்டபம் அதற்கு முன் கண்டதில்லை. மரியனும் தயங்கித் தயங்கிச் சிரித்தாள். தன்னுடைய கேள்வி எப்படி நகைச்சுவையானது என்று அவளுக்கு விளங்கவில்லை. புதிய ஆட்கள், புதிய வழக்கம் என்று விட்டிருப்பாள்.

பிறகு அவள் எதற்காக வந்தாளோ அதைக் கேட்டாள். "என் அண்ணனையும் மற்றவர்களையும் விடுதலை செய்யச் சொல்லி உங்கள் வட்டத்தின் பெயரில் ஒரு தந்தி அனுப்ப வேண்டும். சம்மதம் என்றால் கையை உயர்த்துங்கள்."

ஒரு கையும் உயரவில்லை. எல்லோரும் தில்லைநாதனைப் பார்த்தார்கள். டாக்டரின் பார்வையில் பின்னறை இருந்தது. அன்ரியின் பார்வையில் சோறு இருந்தது. பக்கத்தில் மரியன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எங்கிருந்தாலும் தமிழ் இரத்தம் வாழ்க என்று வாழ்த்துகிறவர்கள், தயவுசெய்து கையை உயர்த்துங்கள்."

மண்டபம் முழுவதும் கைகள் எழுந்தன. டாக்டர் இரண்டு கையையும் தூக்கினார். மரியன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

திரும்பும்போது பார்த்தசாரதிதான் கார் ஓட்டினான். சென்னைக்காரன், தில்லைநாதனின் வகுப்புத் தோழன், மண்டபத்தின் கடைசி வரிசையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தான்.

"டேய், உனக்கு இந்தப் படிப்பெல்லாம் எதுக்குடா? நேரா ஐ.நா. சபைக்குப் போயிடு. உலகத்துல சண்டையே இருக்காது. யாருக்கும் ஒண்ணும் தெரியாது."

"நீரும் கை தூக்கினனீர்தானே?"

"ஆமா, தூக்கினேன். எல்லாரும் தூக்கறப்ப நான் மட்டும் என்ன பண்றது?"

"அவர் என்ன சொல்கிறார்?" என்று மரியன் முன் இருக்கையிலிருந்து திரும்பிக் கேட்டாள்.

"கூட்டம் நன்றாக நடந்தது என்கிறார்" என்றான் தில்லைநாதன்.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு மேசையில் டாக்டர் நல்ல மனநிலையில் இருந்தார். "நேற்று நல்லாச் செய்தீர், தம்பி. ஹைகொமிசன்காரரும் புகழ்ந்தவர்."

தில்லைநாதன் சோற்றைக் குழைத்தபடியே கேட்டான். "அங்கிள், அந்தத் தந்தி?"

"எந்தத் தந்தி?"

"மரியன் கேட்டது. எல்லாரும் கை தூக்கினது."

டாக்டர் தண்ணீர் குடித்தார். "நான் தமிழுக்குத்தான் கை தூக்கினனான். நீர் சொன்னதுக்கு. மேடையில தமிழ் மட்டும்தானே."

"அங்கிளுக்கு இங்கிலிஷ் விளங்கினதுதானே?"

"ஓம், விளங்கினது. உமக்கும் விளங்கினது." அவர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "சாப்பிடும்."

அன்ரி இன்னொரு கரண்டி சோறு வைத்தார். கத்தரிக்காய்க் குழம்பு அன்று மிகவும் நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று தில்லைநாதன் சொன்னான்.

திங்கட்கிழமை மரியன் தபால் கந்தோர் வாசலில் காத்துக்கொண்டிருந்தாள். சித்திரையில் இலையுதிர்காலம் வருகிற அந்தத் தென்கோள நாட்டில் குளிர் தொடங்கியிருந்தது. வட்டம் போர்த்திய பொன்னாடையை அவள் கழுத்துக்குச் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள், சரிகை வெளியே தெரிய. தந்தி வாசகத்தை எழுதி வைத்திருந்தாள். அடியில் கிளேட்டன் தமிழ் அன்பர் வட்டம்.

"தலைவர் கையெழுத்துப் போடுவாரா, இல்லை நீயே போட்டு அனுப்பலாமா?"

அவன் உள்ளே கூட்டிப்போய், எழுதுகிறவர்களுக்காகச் சுவரோரம் போட்டிருந்த மேசையருகில் நின்றான். "அவர்கள் தந்திக்குக் கை தூக்கவில்லை" என்றான்.

"பின்னே எதற்கு?"

அவன் சொன்னான். அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். தண்ணீரைப் பற்றிச் சொன்னதற்கு என்ன சொன்னாய்? ரொட்டிக்கு? தாத்தாவுக்கு? தேயிலைக்கு எதற்குச் சிரித்தார்கள்? தன் தமிழை அவன் ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னான். முதல்முறையாக ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அண்ணனுக்கு வந்தபோது அவன் குரல் மேசைக்குக் கீழே போய்விட்டது. "சத்தமாகச் சொல்" என்றாள். பொதுத்தொண்டில் மிகுந்த ஈடுபாடு உள்ளவர் என்று சத்தமாகச் சொன்னான். முத்திரை வாங்க நின்ற ஒரு வெள்ளைக்காரக் கிழவி திரும்பிப் பார்த்தாள்.

மரியன் கத்துவாள் என்று அவன் எதிர்பார்த்தான். கத்தினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான்.

"அப்படியானால் அங்கே இருந்தவர்களுக்கு ஆங்கிலம்?"

"எல்லோருக்கும் தெரியும்."

அவள் தந்தித் தாளை மேசையில் விரித்தாள். "எங்கள் ஊருக்கு அமைச்சர் வரும்போது பக்கத்தில் ஒருவன் நிற்பான்" என்றாள் பிறகு. "சனங்கள் சொல்வதையெல்லாம் அவன் அமைச்சர் காதில் திருப்பிச் சொல்வான். அமைச்சருக்கும் அதே மொழிதான். ஆனாலும் அவன் வேண்டும். நல்ல சம்பளம்."

வட்டத்தின் பெயரை அவள் ஒரே கோட்டில் அடித்தாள். அந்த இடத்தில் முதலில் தன் பெயரை எழுதினாள். அதற்குக் கீழே இடம் விட்டு, பென்சிலை அவன் பக்கம் தள்ளினாள்.

ஒரு பெயர்தான் வேண்டும். அதற்குள் தில்லைநாதனுக்குப் புலமைப்பரிசில் ஞாபகம் வந்தது. ஹைகொமிசன் ஆளின் கண்ணாடி ஞாபகம் வந்தது. கரவெட்டிக்கு ஒருநாள் வரக்கூடிய உத்தியோகபூர்வக் கடிதம் ஞாபகம் வந்தது. பின்னறையும் கத்தரிக்காய்க் குழம்பும் வந்தன. இத்தனையும் வந்துபோகிறவரை மரியன் பொறுமையாக நின்றாள்.

அவன் எழுதினான். தாளை அவள் பக்கம் திருப்பாமல் நேரே கவுண்டருக்குக் கொண்டுபோனான். அவள் வழியில் கையை நீட்டி வாங்கிப் பார்த்தாள்.

டெட் நேதன் என்று இருந்தது.

"இது யார்?"

"நான்தான். வகுப்பில் எல்லோரும் அப்படித்தானே கூப்பிடுகிறார்கள்."

அவள் அந்தப் பெயரை இன்னொரு தரம் வாசித்தாள். சரிகைப் பொன்னாடையை அவிழ்த்து, ஒழுங்காக நாலாக மடித்து, அவன் கையில் வைத்தாள்.

"இதையும் மொழிபெயர்த்துவிட்டாயா?" என்றாள்.

கவுண்டரில் இருந்தவன் அவள் நீட்டிய தாளை வாங்கி, முத்திரை குத்தி, அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.