ஜெபத்தால் ஓடும் வண்டி

பத்தாவது 'அருள் நிறைந்த மரியே' ஜெபமும் முடிந்துவிட்டது. பாஸ்கல் கண்ணைத் திறந்தார். டேஷ்போர்டில் பதித்திருந்த காலிங் பெல் சுவிட்சிலிருந்து கட்டைவிரலை எடுக்காமலே மறு கையால் சாவியைத் திருகினார். இன்ஜின் கொர்கொர்ரென்று சுற்றியது. சைலன்சரிலிருந்து கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து மார்கழிப் பனியில் கலந்தது. வண்டி பிடிக்கவில்லை. பக்கத்து சீட்டில், மடியில் ரெக்சின் பையும் ஆஸ்பத்திரி ஃபைலுமாக உட்கார்ந்திருந்த ஏகாம்பரம் ஸ்டியரிங்கைப் பார்க்கவில்லை, தெருவைப் பார்க்கவில்லை. பாஸ்கலின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய டீசல் பிக்கப் அது. டீசல் இன்ஜினில் பொறி கிடையாது; விடியற்காலையில் முதல் மூச்சை இழுக்க உள்ளே கொஞ்சம் சூடு வேண்டும். அதற்கென்று சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு ஹீட்டர் பிளக்குகள். அவற்றைத் தானாகப் போட்டு அணைக்கும் கருவி எப்போதோ செத்துப்போக, பூந்தமல்லி மெக்கானிக் மணவாளன் அதன் இடத்தில் ஒரு காலிங் பெல் சுவிட்சை வைத்து, "ஒரு அஞ்சாறு எண்ணிட்டு உட்டுடு நைனா" என்று சொல்லி அனுப்பினான். வெறும் எண்களை எண்ணுவது பாஸ்கலின் தகுதிக்குப் பொருந்தவில்லை. நசரத்பேட்டைக் கிறிஸ்தவக் குடும்பங்களின் ஜெபக்குழுவுக்கு அவர்தான் தலைவர். விசிட்டிங் கார்டும் அடித்திருந்தார். எனவே எண்ணுவதற்குப் பதிலாக ஒரு மரியே சொன்னார். வண்டி கிளம்பியது.

சில குளிர்காலங்கள் கழித்து ஒரு மரியே போதவில்லை. வேறு யாராக இருந்தாலும் பானெட்டைத் திறந்திருப்பார்கள். பாஸ்கல் வாயைத் திறந்தார். விசுவாசம் சோதிக்கப்படுவதாகவும், இரண்டாவது மரியேயில் தான் வென்றதாகவும் மாதா கோயில் வளாகத்தில் மைக் பிடித்துச் சாட்சி சொன்னார். இரண்டு நான்காகி, நான்கு ஆறாகி, கடைசியில் பத்தில் வந்து நின்றது. ஒவ்வொரு ஏற்றத்திலும் அவருடைய மதிப்பும் ஏறியது. முன்கண்ணாடியில் சிவப்பு எழுத்தில் 'ஜெபத்தால் ஓடும் வண்டி' என்ற ஸ்டிக்கர் வந்தது. கல்யாணங்களுக்கு வாடகை நாற்காலியும் பாத்திரமும் ஏற்றிப்போன வண்டியில் மனிதர்களும் ஏறினார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் ஏறினார்கள். கட்சியில் சீட்டு கேட்கப் போனவர் ஒருவர் ஏறினார். மெட்ரோ தூண்களுக்குப் பின்னாலிருக்கும் அடுக்குமாடியிலிருந்து ஸ்ரீராம் என்ற ஐ.டி. பையன், புக் செய்த காரை ரத்து செய்துவிட்டு, கோட்டும் டையுமாக பிரியாணி அண்டாக்களுக்கு நடுவில் நின்றபடி விசா இன்டர்வியூவுக்குப் போனான். அவனுக்கு விசா கிடைத்தது ஊர் முழுக்கத் தெரியும். கட்சிக்காரருக்குச் சீட்டு கிடைக்காததை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

பக்கத்து வீட்டு ஏகாம்பரம் பாடி பாலத்தடிப் பிள்ளையாரிலிருந்து பூந்தமல்லி தர்கா வரை எந்தச் சாமியையும் விட்டுவைக்காதவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் நட்டு போல்ட்டு கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நெஞ்சில் அடைப்பு இருக்கிறது, மணிக்கட்டு வழியாக இதயம் வரை ஒரு கம்பியை விட்டுச் சரிசெய்யலாம் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவர் ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. கம்பி என்ற வார்த்தையே அவருக்கு ஆகவில்லை. மனைவி கோமளா அழுது, சாப்பிடாமல் கிடந்த பிறகு, கடைசியில் ஒரு நிபந்தனையோடுதான் ஏகாம்பரம் சம்மதித்தார்: போனால் பாஸ்கல் வண்டியில். கிடைத்த தேதி இன்று. இதைத் தவறவிட்டால் அடுத்த தேதி வரை அந்த இதயம் காத்திருக்கும் என்று தன்னால் சொல்ல முடியாது என டாக்டர் கோமளாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

"இன்னொரு தபா சொல்லு பாஸ்கலு," என்றார் ஏகாம்பரம். "இந்த தபா நிதானமா சொல்லு. நடுவுல எதுனா முழுங்கிட்டியோ இன்னாவோ."

பாஸ்கல் முழுங்காமல் சொன்னார். இன்ஜின் சுற்றியது. புகை வந்தது. அவ்வளவுதான்.

வெளியே நின்றிருந்த கோமளா, "ஒரு ஆட்டோ கூப்புடட்டா?" என்றாள்.

"ஆட்டோல போறவன் அப்பவே போயிருக்க மாட்டனா? சாமி வண்டியே நகர மாட்டேங்குது. இதுக்கு மேல இன்னா சகுனம் ஓணும்?" ஏகாம்பரத்தின் கை கதவைத் தேடியது.

அப்போதுதான் வீட்டுக்குள்ளிருந்து பாஸ்கலின் மனைவி ஞானகுமாரி வந்தாள். நைட்டி மேல் துண்டு, கையில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி.

"ஏங்க, பானெட்டத் தொறங்க."

"ஞானம், இது ஆண்டவர் நம்மைச் சோதிக்கும் வேளை…"

"சோதன இல்ல, ஹீட்டரு. மாத்தணும்னு மணவாளன் போன வருசமே சொன்னான், நானும் வாங்கியாந்துட்டேன். உங்க ஸ்டிக்கருக்குப் பயந்துகினு அரிசி டின்னுல போட்டு வச்சிருந்தேன். எறங்குங்க."

பாஸ்கல் இறங்கினார். பழைய இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர் சுற்றி எடுத்துவந்தார். ஞானகுமாரி சுவிட்சை அமுக்க, நான்கு பிளக்கையும் சேர்த்திருந்த தகட்டில் ஒயரை வைத்துப் பார்த்தார். பல்பு எரிந்தது. கரண்ட் வருகிறது. வராமல் இருந்திருக்கக் கூடாதா என்று ஒரு கணம் ஏங்கினார். ஒயர் போனால் அது யாருடைய அவமானமும் இல்லை. தகட்டைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து பல்பு வழியாக ஒவ்வொரு பிளக்கின் தலையையும் தொட்டார். உயிருள்ள பிளக் என்றால் பல்பு எரிய வேண்டும். முதலாவதில் எரியவில்லை. அடுத்ததிலும் இல்லை. கடைசிப் பிளக்கை மட்டும் இரண்டு முறை தொட்டுப் பார்த்தார்.

நான்கையும் கழற்றிச் செய்தித்தாளில் வைத்தார். ஒன்று ஊதியிருந்தது, ஒன்று நுனி வெடித்திருந்தது. மற்ற இரண்டும் தீய்ந்த முருங்கைக் குச்சிபோலக் கிடந்தன.

"இன்னாடி இது, இப்டி வெந்து போய் கீது?" என்றாள் கோமளா.

"ஜெபத்துல ஒரு தப்பும் இல்லக்கா. சுவிட்ச அமுக்கிக்கினே ஜெபம் பண்ணாரு பாரு, அதான். ஒரு பிளக்கு போச்சு, ரெண்டு மரியே சொன்னாரு. அந்தச் சூட்டுல அடுத்தது போச்சு. இன்னும் பெருசா சொன்னாரு. பத்து சொல்லி, இருந்த ஒண்ணையும் வறுத்துட்டாரு."

எந்தச் சந்தர்ப்பத்துக்கும் ஒரு வசனம் கைவசம் வைத்திருந்த பாஸ்கல் வாயைத் திறந்தார். ஹீட்டர் பிளக்குக்கு வசனம் எதுவும் வரவில்லை. மூடிக்கொண்டார்.

ஏகாம்பரம் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். "அப்ப இத்தினி நாளா வண்டி ஜெபத்துல ஓடல."

பையைக் கோமளாவின் கையில் கொடுத்துவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பினார்.

"சர்தான். கோமளா, ஊட்டுக்கு வா. நெஞ்சுக்குள்ள கம்பி உடுறானுங்களாம், கம்பி."

கோமளா அசையவில்லை. ஏகாம்பரம் நான்கைந்து அடி நடந்துவிட்டார். பாஸ்கலுக்கு அவரை நிறுத்த வேண்டும் என்று தெரிந்தது, எப்படி என்று தெரியவில்லை. மைக் இல்லாத குரலில், "அண்ணாத்தே, புதுசு வேல செய்யுதான்னு மட்டும் பாத்துட்டுப் போயேன்," என்றார். அவருக்கே அது மடத்தனமாகப் பட்டது. ஆனாலும் பெட்டியைப் பிரித்து, ஒரு பிளக்கின் உடம்பை இடுக்கியில் பிடித்து, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை அதில் சேர்த்தார். பாசிட்டிவ் ஒயரை ஞானகுமாரி அதன் தலையில் வைத்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை. பென்சிலைவிட ஒல்லியான, நிறமற்ற ஒரு கம்பி. ஏகாம்பரம் திரும்பி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அதன் நுனியில் ஒரு நிறம் பிறந்தது. மாதுளை முத்தின் இருட்டுச் சிவப்பு. அது ஊறிக்கொண்டே மேலே ஏறியது, ஏறும்போதே வெளுத்தது. செம்பருத்தியாகி, விடியற்கால வானத்தில் இன்னும் வராத ஆரஞ்சாகி நின்றது. சத்தமில்லை. புகையில்லை. பொறிகூடப் பறக்கவில்லை. நெருப்புக்கு வழக்கமாக இருக்கும் எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல் நெருப்பு வந்து உட்கார்ந்திருந்தது. பனி அதன் பக்கத்தில் மட்டும் விலகி நின்றதுபோல் இருந்தது.

இத்தனை வருடத்தில் பாஸ்கல் அதைப் பார்த்ததே இல்லை. ஒளியைப் பற்றி எத்தனை மேடையில் பேசியிருப்பார்! அப்போதெல்லாம் தினமும் காலையில் தன் முழங்காலுக்கு இரண்டடி தள்ளி, இரும்பின் இருட்டுக்குள், நான்கு பேர் இப்படிச் சிவந்து நின்றிருக்கிறார்கள். வண்டி கிளம்பியதும் அணைந்திருக்கிறார்கள். மாலை, சால்வை எதுவும் கேட்டதில்லை.

ஏகாம்பரம் பக்கத்தில் வந்திருந்தார். "இதுவா உள்ள கீது?"

"இதான்."

"இம்மாஞ்சூட்டோட?"

"ஆமா."

"இன்ஜினுக்கு ஒண்ணும் ஆவாதா?"

"இது இருந்தாதான் அது எழுந்துக்கும். ஒரு தபா புடிச்சிக்கிச்சுன்னா அப்பறம் இதும்பாட்டுக்கு சும்மா கெடக்கும். இன்ஜின் அதும்பாட்டுக்கு ஓடும்."

பாஸ்கல் ஒன்று, இரண்டு, மூன்று என்று புதியவற்றைப் பொருத்தி முடுக்கினார். எண்ணும்போது வெறும் எண்களாகத்தான் எண்ணினார். நான்காவதை எடுத்துக் குழியில் நுழைக்கப் போனபோது ஏகாம்பரம் அவர் தோளைத் தொட்டார்.

"இரு. இன்னொரு தபா காட்டு."

ஞானகுமாரி மறுபடி ஒயரை வைத்தாள். நான்கு தலைகள் பானெட்டுக்குள் குனிந்தன. கம்பி சற்று நேரம் வெறும் கம்பியாக இருந்தது, பிறகு நுனி சிவந்தது. ஏகாம்பரம் வலது கையை நீட்டி, தீபத்தை ஒற்றிக்கொள்ளப் போகிறவர்போல ஒரு சாண் தள்ளி உள்ளங்கையைப் பிடித்தார். சூடு மணிக்கட்டு வரை ஏறியிருக்க வேண்டும். அந்த இடத்தை மற்றொரு கையால் மெல்லத் தடவிக்கொண்டார்.

கண்ணை அதிலிருந்து எடுக்காமலே, "கோமளா," என்றார். "பைய வண்டில வையி."

கோமளாவுக்கு அது காதில் விழவில்லை. அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.