காருக்குப் போன சோறு

ரத்னத்தின் கார் பெரணமல்லூர் போய்த் திரும்பிய அன்று, பக்கத்து வீட்டுக் கமலத்தின் பானையில் வெந்துகொண்டிருந்த சோறு பாதியாகக் குறைந்தது. மூடியை யாரும் எடுக்கவில்லை, பானையில் ஓட்டையும் இல்லை. தெருவில் காரின் புகை மட்டும் வடித்த சோற்றின் வாசனையோடு மிதந்தது. பெட்ரோலில் எத்தனால் என்ற எரிசாராயத்தைக் கலக்க ஆரம்பித்த காலம் அது. அதைக் காய்ச்சக் களம்பூரிலிருந்து நொய்யரிசி லாரி லாரியாக எரிசாராய ஆலைக்குப் போனது. ஆரணி மக்கள் பானையில் சோறு குறைவதை, பட்டு நூல் விலை ஏறியதைப் பேசுவதுபோலப் பேசிவிட்டுத் தறிக்குத் திரும்பினார்கள்.

ரத்னம் நூல் வியாபாரி, சமணர். விளக்கில் ஒரு பூச்சி விழுந்தாலும் அவருக்கு மனசு கேட்காது. ஒருநாள் கமலம் காரை மறித்தாள்.

"இன்னாண்ணே, எங்க வூட்டுச் சோத்த ஊத்திகினு எங்க போறீங்க? பசங்க தட்ட வச்சிகினு குந்தினு கீதுங்க."

ரத்னம் கரும்பு எத்தனால் போடும் பங்க்கைத் தேடிப் போனார். தெருவில் டீ இனிக்காமல் போனது. மக்காச்சோள எத்தனாலுக்கு மாறினார். தீனி குறைந்து வெம்பாக்கத்துக் கோழிகள் புறா முட்டை அளவுக்கு முட்டையிட்டன.

"எத ஊத்துனாலும் யார் வூட்டுதோ ஒண்ணு போவுதும்மா" என்று கமலத்திடம் சொல்லிவிட்டு, இனி அவசரத்துக்கு மட்டும்தான் என்று காருக்கு உறை போட்டு மூடினார். கடைக்கு நடந்தார், ஊருக்கு பஸ்ஸில் போனார். நூல் எடுத்துவர வியாபாரிகள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே வண்டி என்று பேசி முடித்தார். சில வருடங்களில் தெருவே அப்படி மாறியது. பானைகள் நிறைந்தன.

பிறகு ஒரு மத்தியானம், கமலத்தின் மருமகள் ஸ்வர்ணலதாவுக்குப் பனிக்குடம் உடைந்தது. ஆம்புலன்ஸ் எங்கோ தூரத்தில் இருந்தது. உறையை உருவிய ரத்னம், சாவியோடு தயங்கி நின்று தெருவைப் பார்த்தார். எல்லா வீட்டிலும் உலை கொதித்துக்கொண்டிருந்தது.

"பானை போனா போவுது, ஜல்தி எடுங்கண்ணே!" என்று கத்தினாள் கமலம். எதிர் வீட்டுப் பாஞ்சாலை ஓடிவந்து கதவைத் திறந்துவிட்டாள்.

கார் வேலூர் சாலையில் விரைந்தது. தெருவில் ஒரு பருக்கைகூட மிஞ்சவில்லை. யாரும் முணுமுணுக்கவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு வாசலில் காத்திருந்தார்கள். பெண் குழந்தை, இரண்டு பேரும் நலம் என்று செய்தி வந்தபோது வெயில் இறங்கியிருந்தது.

ரத்னம் இருட்டிய பிறகுதான் திரும்பினார். சமண வழக்கப்படி பொழுது சாய்ந்தால் அவர் சாப்பிடுவதில்லை. அன்று தெரு முழுதும் பசியோடு படுத்தது, நன்றாகத் தூங்கியது.