காப்பகம் யாருடைய கட்டடம்?

மலேசியாவின் கிள்ளானில் இருந்த அந்த லோரி கம்பெனியின் கணக்குப் பிரிவுக்குப் புஷ்பவல்லிதான் பொறுப்பு. அன்று காலை மேலாளர் சிவநேசன் ஒரு கடிதத்தை அவள் மேசைமேல் வைத்தார்.

"கையெழுத்து மட்டும் போடுங்க லா."

பண்டமாரானில் இருந்த கம்பெனி நிலம் விலைபோகிறது. அதன் மூலையில் ஊழியர்களின் பிள்ளைகளுக்கு ஒரு காப்பகம். சிமெண்டும் தகரமும் கம்பெனி செலவு. ஓட்டுநர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கட்டினார்கள். பவுனம்மாள் இருபது பிள்ளைகளை அங்கே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊழியர்கள் அனுமதியில்லாமல் கட்டியது, கம்பெனிக்குச் சம்பந்தமில்லை என்றது கடிதம். அப்படிச் சொல்லிவிட்டால் மாற்று இடம் தராமலே இடித்துவிடலாம்.

"இது நம்ம சொத்துப் பதிவேட்டுல இருக்கே, பாஸ்."

"எடுத்துடுங்க. பழைய ரிப்பேர் செலவுன்னு மாத்தி எழுதுங்க."

புஷ்பவல்லிக்குச் சுர்ரென்று ஏறியது. அந்தப் பதிவை எழுதியதே அவள்தான்.

"பதினோரு வருஷமா நம்ம கட்டடம்னு தேய்மானம் கழிச்சோம், வரிச் சலுகை வாங்கினோம். அப்போ நம்மளது, இப்போ மட்டும் அவங்களதா? நான் போட மாட்டேன்."

"வேலை வேணுமா வேணாமா?"

"வேணும். பொய்க் கையெழுத்துதான் வேணாம்."

மறுநாள் பெட்டாலிங் ஜெயாவில் இயக்குநர்கள் கூட்டம். ஆடிட்டரும் வந்திருந்தார். புஷ்பவல்லி பதிவேட்டோடு உள்ளே நுழைந்தாள்.

"உங்களை யார் கூப்பிட்டது?" என்றார் சிவநேசன்.

"யாரும் கூப்பிடல. நானாத்தான் வந்தேன்."

பதிவேட்டை ஆடிட்டர் முன் விரித்து, கையெழுத்துக் கேட்ட கடிதத்தையும் பக்கத்தில் வைத்தாள். அவர் ஒவ்வொரு வருடமாக விரல் வைத்துப் பார்த்தார்.

"இதை மாத்தினா இத்தனை வருஷக் கணக்கும் பொய்யாயிடும். நான் ஒத்துக்க மாட்டேன்," என்றார் ஆடிட்டர்.

நிலம் விற்றுத்தான் போனது. ஆனால் அதற்கு முன்பே கிள்ளான் கிடங்கின் முன்பக்க அறைகளைக் காப்பகத்துக்கு ஒதுக்க வேண்டியதாயிற்று. பவுனம்மாள் பிள்ளைகளோடு அங்கே இடம் மாறினாள்.

அடுத்த மாதம் புஷ்பவல்லியைப் பார்சல் கவுண்டருக்கு மாற்றிக் கடிதம் வந்தது. அவள் அதை சிவநேசனிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"காரணத்தை எழுதிக் கொடுங்க பாஸ். அப்புறம் போறேன்."

அவர் எழுதவில்லை. அவளும் நாற்காலியை விட்டு நகரவில்லை.