பொடக்காலியில் ஆறு நாற்காலிகள்

1

மாலை ஐந்தேகால். பின்வீட்டுப் பொடக்காலியில் புதிதாக வந்து இறங்கிய ஆறு பிரம்பு நாற்காலிகளிலும் ஒரு பெண் ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்தாள். ஒன்றில் சிறிது நேரம். எழுந்து அடுத்தது. ஆறாவதிலிருந்து எழுந்து, முந்தானையால் அதைத் துடைத்துவிட்டு உள்ளே போனாள்.

இந்தக் கதைக்கு என்னிடம் இருப்பது இவ்வளவுதான். சாயிபாபா காலனியில் மாடியில் குடியிருக்கிறேன். என் சமையலறை ஜன்னல் அந்தப் பக்கம் திறக்கும். கல் வந்து இறங்கியதையும் கொத்தனார்கள் வேலை செய்ததையும் பார்த்திருக்கிறேன். அவள் பெயர் தெரியாது. எதை நினைத்து அப்படி உட்கார்ந்து பார்த்தாள் என்பதும் தெரியாது. இனி வருவதெல்லாம் நான் வைத்தது.

(பொடக்காலி என்றால் வீட்டின் பின்பக்கம். வெளியூர் வாசகர்களுக்காகப் புழக்கடை என்று எழுதிப் பார்த்தேன். அந்தப் பெண் வேறு யாரோ ஆகிவிட்டாள்.)

2

தொடக்கம் ஒன்று: "சென்னியம்மாளுக்குத் தோட்டம் என்றால் உயிர்."

பொய். அங்கே இருந்தது ஒரு முருங்கை, ஒரு செம்பருத்தி, துணி துவைக்கும் கல், தண்ணீர்த் தொட்டி. செம்பருத்திக்குத் துவைத்த தண்ணீர்தான் போயிற்று.

தொடக்கம் இரண்டு: "1996இல் கோயம்புத்தூரில் வசதி வந்தவர்கள் எல்லாம் வீட்டை இடித்துக் கட்டினார்கள். பாலுசாமி பொடக்காலியை மட்டும்—"

இது கட்டுரை.

தொடக்கம் மூன்று: அமெரிக்காவிலிருந்து ஒரு புகைப்படம் வந்தது.

இது இருக்கட்டும்.

3

அனுப்பியவள் லோகப்பிரியா. பாலுசாமிக்கும் சென்னியம்மாளுக்கும் ஒரே மகள். தை மாதம் கல்யாணம் முடிந்து கணவனோடு போனவள்.

படத்தில், வீட்டின் பின்னால் கல் பாவிய ஒரு தளம். இரண்டு நாற்காலிகள். ஒன்றில் லோகப்பிரியா காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மற்றதில் மாப்பிள்ளை பேப்பர் படிக்கிறார். பேசிக்கொள்வதாகத் தெரியவில்லை. சும்மா இருக்கிறார்கள்.

(படம் எடுத்தது யார் என்று கேட்காதீர்கள். கேமராவில் டைமர் இருந்தது.)

சென்னியம்மாள் அதை நெடுநேரம் பார்த்தாள். பிறகு பாலுசாமியிடம் கொடுத்தாள்.

"நம்ம பொடக்காலியும் இப்படி இருந்தா நல்லா இருக்குமுங்க."

கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் தனக்கென்று கேட்டது இது ஒன்றுதான். பாலுசாமி படத்தில் கல்லைப் பார்த்தார். மகள் போனில் பேசியபோது, அது கடப்பைக் கல்லா வேறு கல்லா என்று விசாரித்தார். அந்த மாதிரித் தளத்துக்கு அங்கே 'பேட்டியோ' என்று பெயர் என்றாள் மகள். மறுநாளே எஞ்சினியரை வரச்சொன்னார்.

சென்னியம்மாள் கேட்டது கல் அல்ல. அவரோடு ஒரு சாயங்காலம். ஒன்றும் பேச வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். அதை எப்படிக் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

4

பாலுசாமியைக் கெட்டவராக எழுதுவது எளிது. எழுதினேன். குடிக்கவைத்தேன். ஒரு பக்கம் முழுக்கக் கத்தினார். நம்ப முடியவில்லை. அந்தப் பக்கத்தை அடித்துவிட்டேன்.

கணபதியில் வார்ப்படப் பட்டறை வைத்திருப்பவர். லாரி கிளீனரிடமும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். பட்டறை ஆள் வீட்டுக் கல்யாணம் என்றால் முதல் ஆளாகப் போய் நிற்பார். சென்னியம்மாளுக்குக் காய்ச்சல் வந்தபோது இட்லி வாங்கிவந்து, பொட்டலத்தைப் பிரித்து வைத்துவிட்டு, அறை வாசலிலேயே நின்றார்.

வாசலில் ஏன் நின்றார்? அப்பா அம்மாவோடு இருந்த வீடு. பெரியவர்கள் இருக்கும்போது புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். அவள் வந்தால் அவர் எழுந்துகொள்வார். பெரியவர்கள் காலமானார்கள். மகள் வளர்ந்தாள், போனாள். இப்போது எழுந்துகொள்ளக் காரணம் இல்லை. உடம்பு எழுந்துகொள்கிறது.

இன்னொன்றும் உண்டு. அந்த வீட்டில் நல்ல பொருள் எது வந்தாலும் வருகிறவர்களுக்குத்தான். முதல் மின்விசிறி முன்னறையில் ஓடியது. வீட்டு ஆட்கள் உள்ளே விசிறிக்கொண்டார்கள். அதை யாரும் குறையாக நினைக்கவில்லை.

5

வேலை தொடங்கியது. முருங்கையை வெட்டினார்கள். துவைக்கும் கல்லைப் பெயர்த்தார்கள். வாஷிங் மெஷின் வந்தது. கடப்பைக் கல் பாவி, ஓரத்தில் கொரியன் புல் பதித்தார்கள். இரும்புக் குழாயில் பந்தல். சுவரில் உருண்டை விளக்கு.

கொத்தனார் வெள்ளியங்கிரி அவளிடம் கேட்டார்: "ஏனுங்கம்மா, பொடக்காலின்னு சொல்லிப்போட்டு மண்டபமில்ல கட்டறீங்க? வாடகைக்கு உடுவீங்களா?"

(வேலை நடந்த நாட்களில் பாலுசாமி மத்தியானம் தவறாமல் வந்து பொடக்காலியில் நின்றார். டீ கொண்டுபோகும் சாக்கில் சென்னியம்மாளும் பக்கத்தில் நின்றாள். மட்டம் சரியா என்று அவளைக் கேட்டார். அந்த நாட்களை மட்டும் வைத்து வேறொரு கதை எழுதலாம். அதில் அவள் சந்தோஷமாக இருப்பாள்.)

நாற்காலி வாங்க ஆர்.எஸ்.புரத்துக்கு அவளையும் கூட்டிப்போனார்.

"ரெண்டு போதுங்க" என்றாள்.

"ரெண்டா? நாலு பேரு வந்தா ஆரை நிக்க வெக்கறது?"

கடைக்காரர் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார். "ஐயா சொல்றது சரிங்கம்மா. ஆறா எடுத்துப்போடுங்க. அப்புறம் இதே டிசைன் கெடைக்காது."

இந்த இடத்தில் அவள் ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும்.

"நாம ரெண்டு பேரு உக்கா—"

கடைக்காரர் முன்னால் சொல்ல மாட்டாள். திரும்பி வரும்போது சொல்லட்டும் என்று தள்ளிவைத்தேன். ஆனால் கல்லில் உரசாமல் இறக்க வேண்டும் என்று அவர் நாற்காலிகளோடு டெம்போவில் போய்விட்டார். அவள் ஆட்டோவில் வந்தாள்.

அன்று மாலைதான் நான் பார்த்தது. ஆறில் எந்த இரண்டு என்று அவள் தேர்ந்துகொண்டிருந்தாள் என்று வைத்துக்கொள்கிறேன்.

6

பாலுசாமி இப்போது இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்தார். தனியாக வரவில்லை.

செங்கோட்டையன் முதலில் வந்தார். பக்கத்துப் பட்டறைக்காரர். பிறகு அவர் கூட்டாளிகள். இரும்பு விலை, கரண்ட் கட், மாப்பிள்ளை வீட்டு விசேஷம் என்று பேச்சு நீளும். சென்னியம்மாள் காபி கொண்டுபோனாள். தட்டோடு நின்றாள். தட்டோடு திரும்பினாள்.

முன்பு அந்த நேரத்தில் துவைக்கும் கல்மேல் தனியாக உட்கார்ந்திருப்பாள். புடவை ஓரம் நனைந்திருக்கும், தலை அவிழ்ந்திருக்கும். இப்போது பொடக்காலிக்குப் போக நல்ல புடவை கட்ட வேண்டியிருந்தது.

"கிளப்புல மெம்பராகி வீணாப் போனனுங்க" என்றார் செங்கோட்டையன். "இங்க காத்தும் சும்மா, காபியும் சும்மா."

எல்லோரும் சிரித்தார்கள். சென்னியம்மாளும்.

"எல்லாம் எங்க ஊட்ல ஆசைப்பட்டதுங்க" என்றார் பாலுசாமி. மனைவியை வெளியாரிடம் அவர் அப்படித்தான் சொல்வார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பெருமையைக் குறைத்து எழுதப் பார்த்தேன். குறையவில்லை.

7

முடிவு ஒன்று: சென்னியம்மாள் மகளிடம் போனில் சொல்கிறாள், மகள் அப்பாவிடம்— இல்லை. மகளுக்குத் தெரிந்தால் சென்னியம்மாள் கூசிப்போவாள்.

முடிவு இரண்டு: பாலுசாமி இறந்துவிடுகிறார். வெறும் நாற்காலிகள், ஒரு பெண். நீங்கள் அழுதுவிடுவீர்கள். அதனாலேயே வேண்டாம்.

முடிவு மூன்று: செங்கோட்டையன் ஒரு நாள் அவள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு வருவதை நிறுத்து—

செங்கோட்டையன் யார் முகத்தையும் பார்க்கிறவர் இல்லை.

எனவே அவள்தான் செய்ய வேண்டும். வாயால் கேட்க வராது. அடுத்த பகுதியில் அவள் கையால் செய்வதை எழுதுகிறேன். ஒரு கேள்வி வரும். அது வரைதான் என் வேலை. பதிலை நான் எழுதினால் அது என் பதிலாகிவிடும். அவள் பக்கத்தில் நீங்கள் இருந்துகொள்ளுங்கள்.

8

ஞாயிற்றுக்கிழமை. செங்கோட்டையனும் கூட்டாளிகளும் பல்லடத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். பாலுசாமி முதல் நாளே போய்த் தலையைக் காட்டிவிட்டு வந்திருந்தார்.

சென்னியம்மாள் நான்கு நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டுபோய் ஸ்டோர் ரூமில் வைத்தாள். மிச்சம் இரண்டையும் கொஞ்சம் நெருக்கிப் போட்டாள். புடவை மாற்றவில்லை. இரண்டு டம்ளரில் காபி கொண்டுவந்து நடுவில் ஸ்டூலில் வைத்தாள். ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் வீட்டில் இருக்கும்போது அவள் அங்கே உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"ஏனுங்க" என்று கூப்பிட்டாள். சத்தம் சரியாக வரவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள்.

பாலுசாமி பனியனோடு வந்து கதவருகில் நின்றார். காபியைப் பார்த்தார். காலி நாற்காலியைப் பார்த்தார். அவசரமாக உள்ளே போனார். சட்டையை மாட்டிக்கொண்டு, பொத்தான் போட்டபடியே திரும்பி வந்தார்.

"ஆரு வாராங்க, அம்மணி?"