ஒருபக்கம் ஒதுங்கிய மேகம்

இதில் கண் இல்லை. எத்தனை முறை பார்த்தாலும் இல்லை. அவர்கள் இரண்டு பேருக்கும் தெரிவது எனக்கு மட்டும் ஏன் தெரியமாட்டேன் என்கிறது?

புனிதா படத்தை இன்னும் பெரிதாக்கினாள். திண்டிவனத்தில் ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்தது அவர்கள் அலுவலகம். செயற்கைக்கோள் எடுத்த புயல் படங்களில் மேகம் சுருண்ட பட்டையா, நடுவில் திரண்டதா, கண் திறந்ததா, காற்று தள்ளி ஒருபக்கம் ஒதுங்கியதா என்று வகை பிரிக்கிற வேலை. ஒரே படத்தை மூன்று பேர் தனித்தனியாகப் பார்ப்பார்கள். மூவரும் ஒத்துப்போகாவிட்டால் அந்தப் படம் இருக்கிற கட்டு, அவர்கள் சொல்கிற பேட்ச், முழுவதும் மறுபடி பார்க்கச் சொல்லித் திரும்பி வரும்.

இது அவர்கள் மாவட்டத்தில் கரையேறிய புயல். உடன் வேலை பார்க்கும் அம்சாவும் சகாய பிரியாவும் 'கண்' என்று போட்டிருந்தார்கள். புனிதா மட்டும் 'ஒருபக்கம் ஒதுங்கியது' என்று போட்டிருந்தாள்.

"இன்னாக்கா, அன்னிக்கு மழை பட்டுனு நின்னுச்சே, மறந்துட்டியா?" என்றாள் பிரியா. "எங்கம்மா ஜெபமாலைய வெச்சிட்டு எழுந்து வந்து, கண்ணு தலைக்கு மேல போவுதுன்னு சொல்லுச்சு. நீ விழுப்புரத்துல தூங்கிக்கினு இருந்தியா?"

அம்சா சிரித்தாள்.

புனிதா மறக்கவில்லை. மழை நின்றதும் விழுப்புரத்தில் தான் தனியாக இருக்கும் வாடகை அறையின் கதவைத் திறந்து, 'நின்னுடுச்சு' என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல நின்றிருந்தாள். எதிர்வீடு பூட்டிக் கிடந்தது. ஆனால் கண் என்றால் சுற்றிலும் மேக வளையம் வேண்டும். இங்கே சுழலின் நடுவிடம் மூடாமல் வெறுமனே கிடந்தது. மேகமெல்லாம் தெற்கே ஒதுங்கிவிட்டது. அவர்கள் படத்தைப் பார்க்கவில்லை, அந்த நாளைப் பார்த்து வகை போட்டிருந்தார்கள்.

போன மாதமும் இப்படித்தான் ஒரு படத்தில் பிடிவாதமாக நின்றாள். பேட்ச் திரும்பி வந்தது. அதன்பிறகு ஒரு வாரம் இருவரும் அவளைக் கூப்பிடாமலே சாப்பிடப் போனார்கள். ஒரு நாளில் அவள் வாய்விட்டுப் பேசுவது அந்த அரைமணி நேரம்தான். அந்த வாரம் பேருந்து நடத்துநரிடம் ஊர் பெயர் சொன்னபோது தன் குரல் தனக்கே புதிதாகக் கேட்டது.

அம்சா நாற்காலியை அருகே இழுத்துப் போட்டாள்.

"திரும்பி வந்தா ஞாயித்துக்கிழமையும் வரணும்டி. பிரியா பூசைக்குப் போவணும், எனக்கு வீட்டுல ஆயிரம் பேஜாரு. ஒரே ஒரு படம். யாரு வந்து பாக்கப் போறா? ஜல்தியா மாத்திட்டு வா, சாப்புடலாம். மல்லாட்டை சட்னி எடுத்தாந்திருக்கேன், உனக்குப் புடிக்குமேன்னு."

தோள்மேல் கை வைத்தாள். அந்தக் கையின் சூட்டை விட்டு விலகாமல் புனிதா சற்று நேரம் இருந்தாள்.

"நீங்க போய்ச் சாப்புடுங்கக்கா," என்றாள். "நான் இத மாத்தல."