சில்லு இல்லாதவர் இடித்தால்

2025 மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை. தான் செய்யாத தவறு ஒன்றுக்காக ஒஸ்மோ கொஸ்கெலா என்னும் இளைஞனைப் பார்த்து, கெஸ்ட்ரல் லேக் நகரத்துப் பனித்திடல் அரங்கில் நாலாயிரம் பேர் சிரித்தனர். அச்சிரிப்புக்காக இன்றுவரை ஒருவர்கூட வருத்தம் தெரிவிக்கவில்லை.

சிரிப்புக்கு ஆளானவன் அரங்கில் இல்லை. எழுநூறு கிலோமீட்டருக்கு அப்பால், போர்ட் ஹார்லனில், நம் மார்டென்ஸ் ஐஸ் ஹாக்கி அணியின் கோல்காப்பாளனாக நின்றிருந்தான். வெளியூர் ஆட்டத்தைச் சொந்த அரங்கில் கூடிப் பார்க்கும் புதிய ஏற்பாடு அந்தக் குளிர்காலத்தில்தான் தொடங்கியிருந்தது. ஆட்டக்காரர்களின் சட்டையிலும், பக் என்னும் ரப்பர் வட்டின் வயிற்றிலும், இடம் காட்டும் மின்னணுச் சில்லுகளை வைத்துவிடுவார்கள். அவர்கள் அங்கே சறுக்கச் சறுக்க, இங்கே விளக்கணைத்த அரங்கின் வெறும் பனித்தளத்தின்மேல் கூரையிலிருந்து விழும் ஒளி, அதே இடத்தில், அதே வேகத்தில், ஆளுக்கோர் உருவத்தை ஓடவிடும். கோல் விழுந்தால் நாலாயிரம் பேரும் எழுந்து, ஆளில்லாத பனியை நோக்கிக் கத்துவார்கள்.

ஒஸ்மோவின் தாய் ஐலாவுக்கு அவ்வரங்கில்தான் வேலை. பனித்தளத்தைச் செதுக்கி நீர்விட்டு மெழுகும் வண்டியை இருபத்திரண்டு ஆண்டுகளாக ஓட்டுகிறாள். அன்று வண்டிக் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கூடுதல் நேரத்தின் நான்காம் நிமிடத்தில் ஒஸ்மோவின் ஒளியுருவம், அருகில் எந்த உருவமும் இல்லாதபோதே, காலை வாரிவிட்டாற்போல் மல்லாந்து விழுந்தது. கைகள் இரண்டும் விரிந்து கிடந்தன. பக்கின் சிவப்புப் புள்ளி, காவலற்ற வாயிலுக்குள் சாவதானமாக வழுக்கிச் சென்றது.

"தூங்கிட்டான்யா" என்றது ஒரு குரல்.

"யாராச்சும் ஒரு போர்வை குடுங்கப்பா" என்றது இன்னொன்று. அரங்கே அதிர்ந்தது.

திரும்பி வரும் பேருந்திலிருந்து ஒஸ்மோ அழைத்தான்.

"அம்மா, நானா விழல. ரெஃபரி பின்பக்கமா சறுக்கிட்டே வந்து என் முழங்கால்ல இடிச்சிட்டாரு. ஆட்டம் முடிஞ்சதும் அவரே வந்து ஸாரி சொன்னாரு."

"டிவியிலயும் காட்டலியேடா."

"ஒரே கேமராம்மா. அது பக் பின்னாடியே போயிடுச்சு."

நடுவர்களின் சட்டையில் சில்லு கிடையாது. ஆகவே ஒளிப்பனியின்மேல் நடுவர் என்று ஒருவர் இல்லவே இல்லை. விதிப்படி அந்தக் கோல் செல்லும். அதில் ஐலாவுக்கு வழக்கில்லை. பழிதான் செல்லாது.

மறுநாளே அரங்கின் மேலாளர் டெரெக் ஸ்டான்ஹோப்பிடம் சென்று இதனைக் கூறினாள்.

"ஐலா, நொடிக்கு ஆயிரம் தடவை அளக்குற மெஷின் அது. அத நம்பவா, உங்க பையன நம்பவா?"

"அந்த ரெஃபரியக் கூப்பிட்டுக் கேளுங்க."

"பெத்தவங்க அப்படித்தான் சொல்லுவீங்க. போங்க, போய் வண்டிய எடுங்க."

அதோடு அவர் நிறுத்தியிருந்தால் இக்கதை இல்லை. அடுத்த வெளியூர் ஆட்டத்தின் இடைவேளையில், விழுந்து கிடக்கும் ஒஸ்மோவின் உருவத்தைப் பத்து மடங்கு பெரிதாகப் பனியில் விரித்தார். பார்வையாளர்கள் இறங்கிவந்து அதற்குள் மல்லாந்து படுத்து, புதுப்பனியில் குழந்தைகள் தேவதைச் சிறகு வரைவதுபோல் கைகளை அடிக்க வேண்டும். நன்றாகச் சிறகடித்தவருக்கு குழம்பும் பாலாடைக்கட்டியும் ஊற்றிய உருளை வறுவலான பூட்டீன் ஒரு தட்டு இலவசம். ஆட்டத்துக்கு ஆட்டம் வரிசை நீண்டது. ஒவ்வோர் இடைவேளையின் முடிவிலும், மகனின் நெஞ்சின்மேலும் முகத்தின்மேலும் ஐலா வண்டியை ஓட்டிப் பனியை மெழுகினாள்.

'பனித்தேவதை' என்னும் பெயர் ஒட்டிக்கொண்டது. காப்பிக்கடை வரிசையில் அவனைக் கண்டவர்கள் முழங்கைகளை அடித்துக்காட்டினார்கள். மாதம் முடியுமுன் அணி அவனை நீக்கியது. வேறு மூன்று அணிகளுக்கு அவன் எழுதினான். இரண்டிலிருந்து மறுமொழி இல்லை; மூன்றாவது, ஒரு சோடிச் சிறகின் படத்தை அனுப்பியது.

"விட்டுடும்மா" என்றான் ஒஸ்மோ.

"நீ வேணா விடு. நான் விடமாட்டேன்" என்றாள் ஐலா.

ஸ்டான்ஹோப்புக்கு ஒரு சபலம் உண்டு. இரண்டாம் இடைவேளைதோறும் தாமே சில்லுச் சட்டை அணிந்து, இருட்டில் ஒரு சுற்றுச் சறுக்குவார், ஒளியுருவம் அவர் காலடியிலேயே ஓடும், கூட்டம் கைதட்டும். ஏப்ரல் 6, ஞாயிறு பிற்பகல், வெளியூரில் அரையிறுதி ஆட்டம். ஒளிக்கருவியை இயக்கும் ஜெர்வேயிடம் ஐலா முன்கூட்டியே சென்றாள்.

"ஜெர்வே, இன்னிக்கு மகாராசா சுத்தி வர்றத ரெக்கார்ட் பண்ணி, உடனே திருப்பிப் போடு."

"எதுக்கு? நீ என்ன பண்ணப் போற?"

"சிப் இல்லாம கொஞ்சம் சறுக்கப் போறேன்."

ஜெர்வே அவளை ஏற இறங்கப் பார்த்தான். "நீ சொன்னது எதுவும் என் காதுல விழல. எத்தனை தடவ போடணும்?"

ஐலாவுக்கு வயது ஐம்பத்து நான்கு. இளமையில் மாவட்டப் பெண்கள் அணியில் தடுப்பாட்டம் ஆடியவள். களத்தில் இருந்த நேரத்தைவிடத் தண்டனைப் பெட்டியில் இருந்த நேரம் மிகுதி என்று தோழியர் கேலி செய்வதுண்டு. அந்தப் பனியை அன்றாடம் மெழுகுபவளுக்கு வெளிச்சம் தேவைப்படவில்லை. கறுப்புச் சட்டை, கறுப்புத் தொப்பி. பனித்தளத்தில் வரைந்த தூரத்து நீலக்கோட்டின் அருகே காத்திருந்தாள். ஸ்டான்ஹோப் கூட்டத்தை நோக்கிக் கையசைத்தபடி வளைந்து வந்தார். அவள் நான்கே எட்டில் வேகமெடுத்து, முழங்கையை மடக்கி, தோளை அவரது இடுப்பெலும்பில் கொண்டுபோய் வைத்தாள். இருபத்தெட்டு நாள் அடக்கிவைத்த மூச்சு முழுதும் அந்தத் தோளில் இருந்தது. பிறகு இருட்டோடு இருட்டாகக் கதவைக் கடந்தாள்.

நாலாயிரம் பேர் கண்டது வேறு. தன்னந்தனியாகச் சறுக்கிவந்த ஓர் ஒளியுருவம், காரணமே இன்றிக் கைகளை விரித்துக்கொண்டு மல்லாந்தது.

"யாரோ இடிச்சாங்க" என்றார் ஸ்டான்ஹோப். சட்டையில் மாட்டிய ஒலிவாங்கி அதை அரங்கு முழுதும் ஒலித்தது. "நிஜமாத்தான் சொல்றேன், யாரோ வந்து இடிச்சாங்க."

"யாரு சார், பேயா?"

"சீக்கிரம் எந்திரிங்க, பனி உருகுது."

ஜெர்வே திருப்பிப் போட்டான். பின்னும் போட்டான். நாலாயிரம் சோடி முழங்கைகள் சிறகடித்தன. முன்வரிசையினர் சிலர் நிழலொன்றைக் கண்டதாகக் கூறினர். அவர்களைப் பொருட்படுத்துவார் இல்லை.

மறுநாள் காலை ஐலா தானாகவே அலுவலகத்துக்குச் சென்றாள். ஸ்டான்ஹோப் இரண்டு மெத்தைகளை அடுக்கி அவற்றின்மேல் அமர்ந்திருந்தார்.

"நான்தான் இடிச்சேன்."

"தெரியும். வேற எவளுக்கு அந்தத் தோள் இருக்கு? உன் வேலை போச்சு."

"தாராளமா. காரணத்த மட்டும் எழுதிக் குடுங்க. ஐலா இடிச்சது மெஷின்ல தெரியலன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அரங்குல நானே படிக்கிறேன்."

அவர் பேனாவை எடுத்தார். எழுதினால் மெஷின் பொய்க்கும். ஒஸ்மோ நிமிர்ந்து நிற்பான். எழுதாவிட்டால், தானாக விழுந்த மனிதர் என்னும் பெயர் ஆயுள்வரை அவருக்கு. பேனாவை மூடிவைத்தார்.

"மூணு மணிக்குப் பிராக்டிஸ் இருக்கு" என்றார் கடைசியில். "வண்டிய எடுங்க, ஐலா."

இன்று வங்கியிலும் தேவாலயப் படியிலும் ஊரார் அவரைப் பார்த்துச் சிறகடிக்கின்றனர். ஐலாவும் அடிக்கிறாள், அவர் முகம் சிவப்பதை நின்று பார்த்துவிட்டே நகர்கிறாள். அந்த இனிப்பை அவள் யாரிடமும் மறைக்கவில்லை. ஆனால் உண்மையைச் சொல்வதைவிட அவமானத்தைச் சுமப்பதே மேல் என்று அம்மனிதர் முடிவுசெய்துவிட்டதால், ஒஸ்மோவைக் கோல் வாயிலில் நிறுத்த இன்னும் எந்த அணியும் முன்வரவில்லை.

ஒஸ்மோ விழும் அந்தக் காணொளித் துண்டு உங்கள் கைப்பேசிக்கும் வந்திருக்கும். நீங்களும் சிரித்திருப்பீர்கள். அழித்துவிட்டுத் தப்பிக்க வேண்டாம். அனுப்பியவருக்கே அதைத் திருப்பி அனுப்பி, அவனை இடித்தவர் இதில் எங்கே என்று இன்றே கேளுங்கள்.