அரைக் கட்டை ஏறிய கீர்த்தனை

என் கணவருக்குக் கோபம் வந்தால் தட்டு பறக்காது, கதவு அடிபடாது. மனிதர் வாயைப் பூட்டிக்கொள்வார், அவ்வளவுதான். அதற்குப் பேசாமல் திட்டித் தொலைக்கலாம்.

சபையில் ஞாயிறு ஆராதனைக்குக் கீபோர்டு வாசிப்பவர் அவர். முன்னால் நின்று பாடுபவன் என் தம்பி. ஒருநாள் பாட்டுப் பயிற்சியில் எல்லோர் முன்னாலும் அவன் சொன்னான்: "அத்தான், நீங்க அடுத்த சரணத்துக்கு வர்றதுக்குள்ள நான் ஒரு தூக்கம் போட்டு எழுந்துடலாம் போல." பாடகர் குழு சிரித்தது. இவர் முகம் சுண்டிப்போனது. அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. சொல்ல வேண்டியதெல்லாம் என் வழியாகத்தான், அதுவும் பக்கத்துப் பக்கத்தில் நின்றுகொண்டே.

"உன் தம்பியை மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கச் சொல்லு."

"எனக்குக் காது நல்லாவே கேக்குதுன்னு அத்தான்கிட்ட சொல்லுக்கா."

நடுவில் என் தலைதான் உருண்டது. மன்னிப்பைப் பற்றி இருவருக்கும் தனித்தனியாகப் பிரசங்கமே செய்து பார்த்தேன். ஒருவரும் அசையவில்லை. மனதில் பகையை வைத்துக்கொண்டு, அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்குப் போகக்கூடாது என்பார் எங்கள் போதகர். போன மாதம் இருவரும் இடத்தைவிட்டு எழவே இல்லை. நான் மட்டும் போய் வந்தேன். வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாக வலித்தது. இந்த மாதமாவது மூன்று பேரும் சேர்ந்து போக வேண்டும் என்று ஜெபித்துக்கொண்டே கிடந்தேன்.

அந்த ஞாயிறும் வந்தது. திருவிருந்துக்கு முந்தைய கீர்த்தனை. முதல் சரணம் ஒழுங்காகவே போனது. இரண்டாவதற்கு முன்னால் இவர் விரல் சுருதி மாற்றும் பொத்தானுக்குப் போவதைப் பார்த்தேன். அரைக் கட்டை ஏறியது. மூன்றாவதற்கு இன்னொரு அரைக் கட்டை. தம்பி திரும்பி முறைத்தானே தவிர, விடவில்லை. கழுத்து நரம்பு புடைக்கப் பாடினான். இவரும் விடவில்லை, ஏற்றிக்கொண்டே போனார்.

கீர்த்தனையைத் தம்பி மட்டுமா பாடுகிறான்? மொத்தச் சபையும் பாடுகிறது. ஆத்திரத்தில் இவருக்கு அது மறந்துபோனது. முன்வரிசைப் பெரியவர்கள் கால்விரலில் எம்பி எம்பிப் பாடினார்கள். போதகர் கீச்சென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு இருமுவதுபோல் நடித்தார். கடைசிச் சரணத்தில் தம்பியின் குரல் உடைந்தது. பாட்டு அப்படியே நின்றது.

அவன் தொண்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். இவர் முகத்தில் ஜெயித்த களை இல்லை. எழுந்து அவனிடம் போனார்.

"நான்தான் ஏத்தினேன் மச்சான். உன்னைக் கஷ்டப்படுத்தணும்னே ஏத்தினேன். மன்னிச்சிடு."

"தெரியும் அத்தான். நானும் உங்களைத் தோக்கடிக்கணும்னுதான் பாடினேன். ஆண்டவர் நெனப்பே வரல. நான் அன்னைக்கு அப்படிப் பேசினதும் தப்பு." பிறகு அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போதகர் கீச்சுன்னாரே, கேட்டீங்களா?"

மைக்கை அணைக்க இருவருக்கும் தோன்றவில்லை. சபையே சிரித்தது, போதகர் உட்பட.

தோளில் கை போட்டுக்கொண்டு இருவரும் திருவிருந்து வரிசையில் போய் நின்றார்கள். நியாயமாக எனக்கு ஆனந்தக் கண்ணீர் வந்திருக்க வேண்டும். வயிறுதான் எரிந்தது. இத்தனை நாள் நடுவில் நின்று இடிபட்டவள் நான். என்னிடம் யார் மன்னிப்புக் கேட்டார்கள்? நான் எழவில்லை.

தம்பி வரிசையிலிருந்து திரும்பி வந்தான். "அக்கா, வா."

"நான் வரல. உங்க ரெண்டு பேர் மேலயும் எனக்குக் கோபம்."

பின்னாலேயே வந்த இவர் விழித்தார். "நாங்கதான் சமாதானம் ஆயிட்டோமே."

"ரெண்டு பேரும் என்னைப் படுத்தின பாடு?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அது தோணவே இல்லம்மா. தப்புதான்," என்றார் இவர், தலையைக் குனிந்துகொண்டு. தம்பியும், "மன்னிச்சிடுக்கா," என்றான்.

கேட்க நினைத்ததைக் கேட்டாயிற்று. அப்படியும் கோபம் இறங்க மாட்டேன் என்றது. அதை விட்டுவிட எனக்கு மனமே வரவில்லை.

"நீங்க போங்க," என்றேன்.

"நீ வராம போகல," என்று இருவரும் என் இரு பக்கமும் உட்கார்ந்துகொண்டார்கள்.

வரிசை குறைந்துகொண்டே வந்தது. மன்னித்துவிடு, மன்னித்துவிடு என்று இவர்களிடம் நான் எவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்கிறேன். கடைசி ஆளும் நகர்ந்தபோது, ஆண்டவரே, இந்தக் கோபத்தை நீரே வைத்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.